மஞ்சள் கரண்டி

கொசுவர்த்தி வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது நினைப்பதுபோல் அவ்வளவு சுலபமில்லை. சாயங்காலம் ஏற்றி வைக்கிறோம். கொசு கடிக்கவில்லை. அது கொசுவர்த்தியின் வேலையா, இல்லை அன்றைக்குக் கொசுவே வரவில்லையா? மின்விசிறியில் இந்தச் சந்தேகம் கிடையாது; சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். குடையிலும் கிடையாது, மழை பெய்யும், தலை நனையாது. ஆனால் கெட்டது நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரு பொருளின் வேலை என்றால், அது ஒழுங்காக வேலை செய்யும்போது பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அப்படிப்பட்ட ஒன்று வேலை செய்கிறது என்பதை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

கொசுவர்த்தி பிழைத்துக்கொண்டது. அடையாறில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் ஏற்ற மறந்தால் அதன் அருமை தெரிந்துவிடும். என்னுடைய மஞ்சள் கரண்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பல நாள் இந்தக் கேள்வியோடுதான் தூங்கப் போனேன்.

ஷாகிரா மேடம், நடந்ததை ஆரம்பத்திலிருந்து என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு தாள் கொடுத்தீர்கள். இன்னும் நாலு கேட்டு வாங்கிக்கொண்டேன், மன்னிக்க வேண்டும். விசாரணைக் குழுவில் மற்ற இரண்டு பேரும் ஏன் செய்தாய் என்று மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நீங்கள்தான் எப்படி என்று கேட்டீர்கள். அதுதான் நல்ல கேள்வி. எப்படி என்பது புரிந்துவிட்டால் ஏன் என்பது தானாகப் புரிந்துவிடும்.

என் பெயர் நீரஜா. இயந்திரப் பொறியியலில் நான்காம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. குழாய்களிலும் வால்வுகளிலும் ஏற்படும் கசிவைக் கண்டுபிடிப்பது என் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேட்காத கசிவு. ஒரு துளி எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இதோடு எங்கள் பல்கலைக்கழக மெஸ் கமிட்டிக்குச் செயலாளராகவும் இருந்தேன். யாரும் கேட்டு வாங்காத பதவி. சாம்பாரில் உப்பு கூடினால் எல்லோரும் என்னைத்தான் தேடி வருவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மேகலா வந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்டில். எம்.எஸ்ஸி. புள்ளியியல், முதலாண்டு. பாலவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மதியச் சாப்பாடு எங்கள் மெஸ்ஸில். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா அங்காளம்மாள் மீன் விற்கிறவர். நாலு வயதில் கடலை உருண்டையில் பாதியைக் கடித்து மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். அன்றிலிருந்து அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. பையில் எப்போதும் ஊசி வைத்திருப்பாள். அதை மறைக்கிற ரகம் அல்ல. முதல் நாளே மெஸ் வரிசையில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு வேர்க்கடல ஒத்துக்காது. ஒண்ணு பட்டாக்கூட மூஞ்சி பூரி மாதிரி உப்பிடும். பாத்தீங்கன்னா ஒரு தடவ சிரிச்சிக்குங்க, அப்புறம் ஊசி போட்டுடுங்க."

பையன்கள் விடுவார்களா? "மச்சி, மேகலாகிட்ட எவனும் கடல போடாதீங்கடா, ஆம்புலன்ஸ் வந்துரும்" என்று சைஃப் ஆரம்பித்துவைத்தான். அவனுக்கு முட்டை ஆகாது. "நீ மட்டும் இன்னா, ஆம்லெட்ட பாத்தா அலறிக்கினு ஓடுற ஆளுதான?" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதம்.

செப்டம்பரில் ஒரு நாள் அவளுக்கு உதடு வீங்கியது. சாப்பிட்டது தயிர் சாதம் மட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும், அதே தயிர் சாதம், இந்தத் தடவை கழுத்து வரைக்கும் தடிப்பு. மெஸ்ஸுக்குப் பொறுப்பாளரான பேராசிரியர் வேதாந்தம் சார் சமையலறையில் எல்லோரையும் விசாரித்துவிட்டு வந்தார். "தயிர் சாதத்துல கடலை ஏதும்மா? எங்காத்துல அறுபது வருஷமா சாப்பிட்டுண்டு வரோம். குழந்தைக்குப் பரீட்சை டென்ஷனா இருக்கும்" என்றார்.

இந்த ஒவ்வாமை எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். உடம்பு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாட்ச்மேன். ஒருநாள் பால்காரரைத் திருடன் என்று தப்பாக முடிவுகட்டிவிடுகிறார். அப்புறம் பால்காரர் தலை தெரிந்தால் போதும், விசில் ஊதுவார். எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். அதுதான் அரிப்பு, தடிப்பு. விஷயம் முற்றினால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு வீட்டுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்வார். அதுதான் மூச்சு அடைப்பது, ரத்த அழுத்தம் விழுவது. பால்காரர் ஒரு பாவமும் அறியாதவர். வீடு மூழ்குவது வாட்ச்மேனால்தான். தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி, தீயணைப்பு வண்டியைத் திருப்பி அனுப்புகிற அதிகாரி.

இரண்டு தடவையும் செவ்வாய்க்கிழமை என்பதை நான் கவனித்தேன். செவ்வாய் என்றால் எங்கள் மெஸ்ஸில் எலுமிச்சை சாதம். அடுத்த செவ்வாய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்ச் சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். தாளிப்பு முழுவதும் தேவானை அக்காவின் பொறுப்பு. சிந்தாதிரிப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும், எண்ணூறு பேருக்கு ஒற்றைக் கையால் தாளிப்பார்.

"இன்னாமா, எழுதிக்கினே கீற? நீ இன்னா சி.ஐ.டி.யா?"

"நீங்க பாட்டுக்கு செய்யுங்கக்கா. நான் சும்மா பாக்குறேன்."

"சும்மா பாக்குறவ கருவேப்பிலய ஆயலாம் இல்ல?"

ஆய்ந்துகொண்டே பார்த்தேன். பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்தது. முதலில் எலுமிச்சை சாதத்துக்கு வேர்க்கடலையைப் போட்டு வறுத்து, ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்தார். சட்டியில் மிச்சமிருந்த எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை. அதை அப்படியே தூக்கித் தயிர் சாதத்தில் கொட்டினார். எண்ணெய் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். தயிர் சாதத்தில் கடலை இல்லை. கடலை குளித்த எண்ணெய் இருந்தது. விடை கிடைத்த அந்த நிமிஷம் நான் அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஆராய்ச்சியில் இத்தனை வருஷமாகக் கிடைக்காதது கறிவேப்பிலைக் காம்புகளுக்கு நடுவில் கிடைத்தது.

அப்படி வந்ததுதான் மஞ்சள் வரிசை. ஜன்னலோரம் தனி அடுப்பு. தயிர் சாதமும் ரசமும் அங்கேதான் தாளிக்கப்படும், அதுவும் முதலில். தனிச் சட்டி, தனித் தட்டு, மஞ்சள் பிடி போட்ட கரண்டிகள். கரண்டி வாங்க ரங்கநாதன் தெருவுக்கு நானே போனேன்.

"கல்யாண கேட்டரிங்காமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லங்க, ஒரு பொண்ணுக்கு."

"ஒரு பொண்ணுக்கு பன்னெண்டு கரண்டியா? நல்லா சாப்புடட்டும்மா."

தரையில் மஞ்சள் கோடு போட்டோம். சுவரில் ஒரு பெட்டியில் இரண்டு ஊசி. எல்லோருக்கும் பயிற்சி. "கரண்டிக்குக்கூட யூனிபாரம் குட்த்துட்டியேமா" என்று தேவானை அக்கா சிரித்தார், ஆனால் ஒரு நாள்கூட வரிசையைத் தப்பவிடவில்லை. மேகலாவோடு ஆரம்பித்த மஞ்சள் பட்டியல் பதினொரு பேராக வளர்ந்தது. சைஃப் சேர்ந்தான். மறு வருஷம், முந்திரி ஆகாத மதுவந்தி என்று ஒரு முதலாண்டுப் பெண் சேர்ந்தாள்.

கோடை விடுமுறையைக் கழித்தால் எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மேகலா கொஞ்சம் சதைபோட்டாள். அவள் அம்மா வறுத்த நெத்திலியை டப்பாவில் கொடுத்தனுப்புவார். "அக்கா, ஸ்கூல்லேர்ந்து நான் பயப்படாம சாப்புட்ட எடம் இதுதான்" என்று ஒருநாள் சொன்னாள். அந்த வாக்கியத்தைத் தேதியோடு என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். குழு பார்க்க விரும்பினால் தருகிறேன்.

ஜூலையில் வேதாந்தம் சார் கூப்பிட்டார்.

"நீரஜா, எட்டு மாசமா ஒண்ணுமே ஆகலையோல்லியோ? அப்புறம் எதுக்கு அந்த அடுப்பு ஜன்னலண்ட உக்காந்துண்டு இருக்கு? பசங்க பானிபூரி கவுன்ட்டர் வேணும்னு கையெழுத்து வாங்கிண்டு வந்திருக்கா."

"அடுப்பு இருக்கறதாலதான் சார் ஒண்ணும் ஆகல."

"அப்படின்னு நீ சொல்றே. எங்க தெருவுல ஒருத்தர் வாசல்ல பூசணிக்காய் கட்டி வெச்சிருக்கார். சிங்கமே வரலைங்கறார்."

நன்றாகத்தான் சொன்னார், நானே சிரித்துவிட்டேன். கடைசியில் ஒரு வாரம் மூடிப் பார்ப்பது என்று முடிவானது. புதன் தொடங்கி அடுத்த செவ்வாய் வரை. மேகலாவிடம் சொன்னபோது அவள் சாதாரணமாகத் தோளைக் குலுக்கினாள். "விடுங்கக்கா. மூடிட்டா அம்மா டப்பா கட்டிக் குடுத்துரும். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

அவள் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள் என்று தெரியும். ஆனால் அது தீர்வே இல்லை. டப்பா என்பது ஓர் ஆளுக்கான ஏற்பாடு. மஞ்சள் வரிசை ஓர் அமைப்பு. இந்த வித்தியாசத்தை அவளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அந்த வாரமும் மெஸ்ஸிலேயே சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். கடைசி நாளான செவ்வாயன்று பார்த்ததுதான் என்னைக் கவலைப்படுத்தியது. தேவானை அக்கா, யாரும் சொல்லாமலே, முதலில் சட்டியைத் தேய்த்துக் கழுவி, தயிர் சாதத்தைத் தாளித்து மூடி வைத்துவிட்டு, அப்புறம்தான் கடலைப் பொட்டலத்தையே பிரித்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கரண்டியும் வெளியே வந்தது.

"அக்கா, மஞ்சள் வரிசையதான் நிறுத்தியாச்சே?"

"அடுப்பதான்மா நிறுத்துனாங்க. பயக்கத்தயா நிறுத்துனாங்க? அந்த பொண்ணு துன்ன வேணாமா?"

தேவானை அக்கா நல்லவர். சிக்கலே அதுதான். அடுப்பு இல்லாமலும் ஒன்றும் நடக்காது, அறிக்கையில் அடுப்பு தேவையில்லை என்று எழுதுவார்கள். பிறகு ஒருநாள் தேவானை அக்காவுக்குக் காய்ச்சல் வரும், வேறு யாராவது தாளிப்பார்கள்.

அப்போதுதான் விடை என் ஆய்வகத்திலேயே இருப்பது ஞாபகம் வந்தது. கசிவு கண்டறியும் கருவி புதிதாக வந்தால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? கசிவு தானாக வரட்டும் என்று காத்திருக்க மாட்டோம். நாங்களே ஒரு சின்னக் கசிவை, அளவு தெரிந்த கசிவை, உண்டாக்குவோம். கருவி கத்தினால் நல்ல கருவி. இதற்கென்றே அளவு குறித்த சிறு குப்பி விற்கிறார்கள். உலகம் முழுக்க நடக்கிற முறை. இவ்வளவு எளிதானதை யோசிக்க எனக்கு ஒரு வாரம் ஆனதுதான் வேடிக்கை.

அன்று மேகலாவுக்கு நானே பரிமாறினேன். கடலை வறுத்த எண்ணெய் பத்தடி தள்ளிச் சட்டியில் இருந்தது. அதில் அரைத் தேக்கரண்டி எடுத்து அவள் தயிர் சாதத்தில் கலந்தேன். நான் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இருந்ததை இடம் மாற்றினேன். என்றைக்காவது தானாக நடக்கப்போவதை, எல்லா முன்னேற்பாட்டோடும், கொஞ்சம் முன்கூட்டி நடத்திக் காட்டினேன். பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த நோயாளிக்கும் இவ்வளவு பக்கத்தில் ஆள் இருந்திருக்காது.

முதல் இருமலிலிருந்து ஊசி உள்ளே போகும் வரை பதினொரு வினாடி. பயிற்சியில் ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். சாயங்காலம் மேகலா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். "பூரி மாதிரி ஆனேனா?" என்று கேட்டாள். "உப்பலா, நல்ல பூரி" என்றான் சைஃப், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாளே அடுப்பு திறக்கப்பட்டது. வேதாந்தம் சார் என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் விளையாட்டா பேசிட்டேன்மா." பானிபூரிக்காரருக்கு நூலகத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இடம் கொடுத்தார்கள். அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, வியாபாரமும் ஜோர். எல்லோருக்கும் நல்லதாகத்தான் முடிந்தது.

ஒரு விபத்து என்றால் காரணம் என்று ஒன்று வேண்டும். அறிக்கை எழுதியது நான். தாளிப்பு வரிசையில் மறதி என்று எழுதினேன். தேவானை அக்காவைத் தாளிப்பிலிருந்து எடுத்து விடுதித் தாழ்வாரம் பெருக்கப் போட்டார்கள். ஒருநாள் விளக்குமாற்றோடு என்னை நிறுத்தினார்.

"நான் மொதல்ல தயிர் சாதந்தான்மா தாளிச்சேன். அங்காள பரமேஸ்வரி மேல சத்தியமா. நீ பாத்துக்கினுதான இருந்த?"

"தெரியும்க்கா" என்றேன்.

"உனக்கு தெரிஞ்சா போதும்மா. நீ நம்புனா போதும்" என்று சொல்லிவிட்டு அழுதார். அவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்று அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

இந்த முறையில் ஒரே ஒரு குறை உண்டு. அதன் பலன் நிற்பதில்லை. ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். நவம்பரில் புதிதாக வந்த ஆட்கள் மஞ்சள் கரண்டியால் சாம்பார் கிண்ட ஆரம்பித்தார்கள். சொன்னேன், எழுதி ஒட்டினேன், கூட்டம் போட்டேன். தலையாட்டினார்கள். ஆகவே ஒரு செவ்வாயன்று இரண்டாவது தடவை செய்ய வேண்டியிருந்தது. அதே அளவு, அதே தூரம். ஒன்பது வினாடி. அப்புறம் இரண்டு மாதத்துக்கு மஞ்சள் கரண்டியைக் கை கழுவாமல் ஒருவரும் தொடவில்லை. பாலவாக்கத்திலிருந்து அங்காளம்மாள் வஞ்சிரம் வறுத்து எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். "நீ இல்லன்னா எம் பொண்ணு இல்லமா" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வஞ்சிரம் மிகவும் நன்றாக இருந்தது.

மூன்றாவது தடவைதான் நீங்கள் விசாரிப்பது. பிப்ரவரியில் ஒரு செவ்வாயன்று மற்ற நான்கு கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், மஞ்சள் வரிசையைத் தங்கள் வளாகத்திலும் அமைக்கலாமா என்று பார்க்க. அடுப்பைச் சுற்றிக் காட்டினேன், எனக்கு ஒரே பெருமை. வேதாந்தம் சார் விருந்தினரோடு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டதால், அன்றைய சாப்பாட்டுக்கு மட்டும் மஞ்சள் வரிசை இல்லை. மேகலாவுக்கு நானே தனியாகப் பரிமாறுவதாகப் பொறுப்பு எடுத்துக்கொண்டேன். பாயசம் வந்த நேரத்தில் விருந்தினரில் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி, இது இல்லாட்டி நிஜமாவே என்ன ஆயிடும்?"

பாருங்கள், அதே கேள்வி.

அரைத் தேக்கரண்டி கலந்து கொடுத்தேன். ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தடிப்பில்லை, அரிப்பில்லை, மேகலா சைஃபோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் தயிர் சாதம் போடவா என்று கேட்டேன். "போடுங்கக்கா, இன்னைக்கு நல்லா கீது" என்றாள். ஒரு தேக்கரண்டி. அதற்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை போட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. நவம்பருக்குப் பிறகு அவளுக்கு உள்ளூரப் பயம். யாருக்கும் சொல்லாமல் தினமும் காலையில் இரண்டு அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குச் சொன்னால் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம். இந்த மாத்திரை என்ன செய்யும் என்றால், வாட்ச்மேன் கையிலிருந்து விசிலைப் பிடுங்கிவிடும். சத்தம் வராது, விளக்கு எரியாது. ஆனால் தீயணைப்பு வண்டியை அது நிறுத்தாது. வண்டி சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. கருவியின் முள் மேல் யாரோ துணி போட்டு மூடியிருக்க, நான் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். என் தவறு இது ஒன்றுதான், இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். முள்ளை முதலில் சரிபார்த்திருக்க வேண்டும்.

ஒரே இருமல், அப்படியே சரிந்தாள்; முதல் ஊசிக்கு அவள் எழவில்லை. இரண்டாவது ஊசியும் போட்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிழைத்துக்கொண்டாள். நான்கு கல்லூரிகளும் மஞ்சள் வரிசை உடனே வேண்டும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தன.

ஐந்தாம் நாள் பார்க்கப் போனேன். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. அங்காளம்மாள் டீ வாங்க வெளியே போனதும் கேட்டாள்.

"அக்கா, நான் இருமறதுக்கு முன்னாடியே நீங்க எழுந்துட்டீங்க. எப்புடி?"

அவளே தொடர்ந்தாள். "மூணு தடவ. மூணு தடவயும் செவ்வாக்கெழம. மூணு தடவயும் பரிமாறுனது நீங்க. ஊசி மூடி தொறந்தே இருந்திச்சு. நான் படிக்கறது புள்ளியியல்க்கா. இது தானா நடக்கறதுக்கு வாய்ப்பு எவ்ளோன்னு படுத்துக்கினே கணக்கு போட்டேன்."

எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் இது தோன்றவில்லை. அவள் கண்டிப்பாக ஆராய்ச்சிக்கு வர வேண்டும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால், ஸ்கேன் உறையின் பின்பக்கம் படம் போட்டு, கொசுவர்த்தி முதல் அளவுக் கசிவு வரை எல்லாவற்றையும் விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். எப்போதுமே அவள் நன்றாகக் கேட்பாள்.

"என்ன மட்டும் ஏன்க்கா? சைஃபும் இருந்தான் இல்ல?"

"சைஃபுக்கு லேசா தடிப்புதான் வரும். தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது. உனக்குத்தான் தெளிவா தெரியும்."

ஸ்கேன் உறையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கட்டிலோரம் இருந்த அழைப்பு மணியை அமுக்கினாள். நர்ஸ் வரும்வரை விரலை எடுக்கவே இல்லை. மருந்துகளால் வரும் படபடப்பாக இருக்கலாம். கடைசிப் பருவத் தேர்வு எழுதாமல் படிப்பை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அது வருத்தம்தான். மஞ்சள் வரிசை இப்போது இருக்கிற நிலையில் அவளுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த ஊரில் கிடையாது. யாராவது அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

என்மேல் நீங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் சம்மதம். மூன்று தடவையும் கலந்தது நான்தான், தெரிந்துதான் கலந்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. தேவானை அக்காவை மறுபடியும் தாளிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் போன்ற கை கிடைப்பது அபூர்வம். செவ்வாய்க்கிழமை மட்டும் அவருக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள். அவர் இருந்தால் எதுவும் நடக்காது.

எனக்குப் பதிலாகச் செயலாளராக வரப்போகிறவருக்காகத் தீர்வை இங்கே எழுதி வைக்கிறேன். பருவத்துக்கு ஒருமுறை, ஒரு செவ்வாய்க்கிழமை, மஞ்சள் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு, அவரிடம் சொல்லாமல், அவருக்கு ஆகாததில் அரைத் தேக்கரண்டி. மூன்றடி தூரத்தில், மூடி திறந்த ஊசியோடு ஓர் ஆள். அவருடைய ஒவ்வாமை கடுமையான வகையாக இருக்க வேண்டும், மாத்திரை சாப்பிடாதவராகவும் இருக்க வேண்டும். மதுவந்தி சாப்பிடுவதில்லை. கேட்டு வைத்திருக்கிறேன்.